தைரியத்துக்கு ஒரு ஊசி

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.11.90

அன்புள்ள அத்தானுக்கு,

கிருபா எழுதுவது. இங்கே அப்பா, ராஜரத்தினம் அண்ணன், நான் எல்லாரும் சுகம். கடிதத்தில் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பழக்கமாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வந்தவள் நான். மாதம் ஒன்று தாண்டிவிட்டது. ராஜபாளையத்திலிருந்து இங்கே வர பஸ்ஸில் அரைமணி நேரம் ஆகும். நடுவில் கடல் கிடல் ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நான் டூட்டிக்கு வந்து போயிருக்கிறேன். உங்களால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை.

மில்லுக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆபரேட்டர்கள் எல்லாருக்கும் ஊர்க்கதை என்றால் வெல்லம். அடுத்தவர்கள் பேசுவதை நானே எவ்வளவு கேட்டிருக்கிறேன், என்னைக் கேட்க மாட்டார்களா? அதனால்தான் கடிதம். பதிலை எக்ஸ்சேஞ்ச் விலாசத்துக்கே போடுங்கள். வீட்டுக்குப் போட்டால் அண்ணன் பிரித்துவிடுவான்.

கோயில் அசன விருந்துப் பந்தியில் அத்தை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மூணு வருசமாச்சு, இவ வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல. படிச்ச புள்ளன்னு கெட்டிவச்சேன்." கோயில் ஜனம் அவ்வளவு பேரும் கேட்டார்கள். நீங்கள் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

அத்தான், நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தை கூட்டிக்கொண்டு போன டாக்டரம்மா என்னைச் சோதித்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததை நான் எந்த வாயால் சொல்வது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். என்னிடம் என்ன குறை என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நான் தேடாமல் இருப்பேன்.

இடுப்பு வலிக்கு இப்போது ஊசியைக் கொதிக்கவைத்துத் தருகிறது யார்? அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரிலிருந்து எடுத்த சூட்டோடு பச்சைத்தண்ணீரில் போட்டால் விரிசல் விட்டுவிடும், சொல்லுங்கள். அந்தச் சின்ன அலுமினியப் பாத்திரத்தில் பால் கீல் காய்ச்ச வேண்டாம்.

அன்புள்ள,
கிருபா


ராஜபாளையம்
29.11.90

அன்புள்ள கிருபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். மில்லில் இப்போது இரண்டாவது ஷிப்ட். மலையில் மழை பிடித்திருக்கிறது, ஆற்றில் தண்ணீர் வருகிறது.

வேறு யாரும் இல்லை. பைபிள்மேல் கைவைத்துச் சொல்வேன். உன்னிடம் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியைப் பார்க்காதே.

குறை என்னிடம். மில்லில் அந்த கியர்பாக்ஸ் இடுப்பில் விழுந்தபோது எலும்போடு இன்னொன்றும் நசுங்கிப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு லேசாகத் தெரியும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு ஆண்பிள்ளை இதற்குமேல் எழுத முடியாது.

ஊசியை நானே கொதிக்கவைத்துக்கொள்கிறேன். கம்பவுண்டர் முத்துவீரன் இப்போது மருந்துப் புட்டியை என்னிடமே தந்துவிடுகிறார். காலையிலும் ஒன்று போட்டால்தான் ஷிப்டில் நிற்க முடிகிறது.

அப்பாவும் அண்ணனும் சொல்கிறபடி செய். நான் கோபிக்க மாட்டேன்.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.3.91

அன்புள்ள அத்தானுக்கு,

"நான் கோபிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கோபிக்கிறவர் பஸ் ஏறியாவது வருவார்.

அண்ணன் என்னை வக்கீல் குருசாமியிடம் கூட்டிக்கொண்டு போனான். கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஆபீஸ். நம்மைப் போலக் கோயிலில் கைப்பிடித்த கிறிஸ்தவர்களுக்கு ஒத்துக்கொண்டு பிரிகிற வழி சட்டத்தில் கிடையாதாம். அடித்தார், வேறொருத்தியை வைத்துக்கொண்டார் என்று இரண்டையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நீங்கள் கொசுவைக்கூட அடிக்க மாட்டீர்கள். மிச்சம் இருக்கிறது ஒரே வழி. கல்யாண நாளன்றும் இன்றைக்கும் கணவன் ஆண்மையற்றவர் என்று எழுதிக் கொடுத்தால், கல்யாணமே நடக்கவில்லை என்று தீர்ப்புத் தருவார்களாம்.

அந்த வார்த்தையை வக்கீல் டைப் அடிக்கிறவரிடம் சத்தமாகச் சொன்னார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடம் நான் மூடி மூடி வைத்ததை, யார் யாரோ படிக்கிற காகிதத்தில் போடுகிறார்கள். கான்சாபுரத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறாராம், சௌந்தரபாண்டியன் என்று பேர். மனைவி இறந்துவிட்டார்கள், ஒரு பெண்குழந்தை. அண்ணன் அதுவரைக்கும் போய்விட்டான்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "ஏட்டி, முப்பது வயசாவப் போவுது, இன்னும் யாருக்காகக் காத்துக் கெடக்க?" என்று தினமும் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியும். சொன்னால் சிரிப்பான்.

நீங்கள் ஒரு டாக்டரையாவது பார்த்தீர்களா? கம்பவுண்டரை டாக்டர் என்று எண்ணாதீர்கள். வந்து ஒருமுறை பேசுங்கள் அத்தான்.

கிருபா


மதுரை
23.6.91

அன்புள்ள கிருபாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

மே மாதம் முத்துவீரனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எனக்கு மருந்து கிடைக்கவில்லை. இரண்டு நாளில் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீராக ஊற்றி, வயிறு போய், எலும்புக்குள் யாரோ திருப்புளி போட்டுத் திருகுகிற மாதிரி ஆகிவிட்டது. காய்ச்சல் என்று மில் டாக்டரிடம் போனேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தழும்பு. "எத்தன வருசமாய்யா போடுத?" என்றார். ஐந்து என்றேன். ஒரு சீட்டு எழுதி இங்கே அனுப்பிவிட்டார்.

இடுப்பு வலி என்றைக்கோ பாதியாகிவிட்டதாம். மிச்ச வலி ஊசி கேட்கிற வலியாம். அது அபின் ஜாதி மருந்து. நான் அதற்கு அடிமையாகிவிட்டேன். குடிகாரர்களை எவ்வளவு கேவலமாகப் பேசியிருக்கிறேன் தெரியுமா, இப்போது அடுத்த கட்டிலில் ஒரு குடிகாரர், அவர்தான் எனக்குக் கஞ்சி எடுத்துத் தருகிறார்.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி. பெரிய டாக்டர் என்னிடம், கல்யாணமானவனா, குழந்தை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று நான் சொல்வதற்கு முன்னே அவராகவே தொடங்கினார். சவரம் எத்தனை நாளைக்கு ஒருமுறை, நெஞ்சு லேசாக வீங்கியிருக்கிறதா, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறதா, பெண்டாட்டிமேல் ஆசையே வருவதில்லையா என்று வரிசையாகக் கேட்டார். நான் அழுதுவிட்டேன். மூன்று வருடம் என் பக்கத்தில் படுத்துப் பார்த்தவர் போலச் சொல்கிறார்.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு பிளேடை மாதக்கணக்கில் வைத்திருக்கிறேன் என்று நீ என்னைக் கஞ்சப்பயல் என்பாய். கஞ்சம் இல்லை. தாடி வளரவில்லை.

மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அங்கிருந்து உத்தரவு வந்தால்தான் ஆணுக்கு வேண்டிய ஹார்மோன் சுரக்கும். இந்த மருந்து அந்த உத்தரவையே நிறுத்திவிடும். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், லைன் அறுந்து போகவில்லை, எக்ஸ்சேஞ்சில் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறது. பெண்கள் போட்டுக்கொண்டால் மாதவிலக்கே நின்றுவிடுமாம். இடுப்பில் அடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊசியை விட்டால் சில மாதத்தில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும் என்கிறார்.

கிருபா, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணம் ஆன புதிதில் உன் பக்கத்தில் வர எனக்குப் பயம். இன்றைக்கும் முடியாமல் போய்விடுமோ என்று பயம். அதனால் அறைக்குள் வருமுன் ஒரு ஊசி கூடுதலாகப் போட்டுக்கொள்வேன், தைரியத்துக்கு. எதனால் முடியவில்லையோ அதையே மருந்து என்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெஷினில் எங்கே கோளாறு என்று சத்தத்தைக் கேட்டே சொல்கிற பிட்டர் நான். என் உடம்பில் தெரியவில்லை.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.7.91

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை எக்ஸ்சேஞ்ச் பாத்ரூமில் நின்று படித்தேன். வெளியே வந்து போர்டில் உட்கார்ந்தால் கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய டிரங்க்கால் ஒன்றைத் தூத்துக்குடிக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்கள். திட்டட்டும்.

அந்த ஊசியைச் சாயங்காலம் சாயங்காலம் கொதிக்கவைத்து, துணியால் துடைத்து, தட்டில் வைத்து உங்களிடம் நீட்டினது நான் அல்லவா? நல்ல பெண்டாட்டி என்று அத்தைகூட அதற்கு மட்டும் என்னை மெச்சுவார்கள். நம் இருவருக்கும் நடுவில் சுவர் கட்டுகிறதற்கு நான் கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம். பயமாக இருக்கிறது என்று ஒரு இரவு சொல்லியிருந்தால் போதுமே. எனக்கு மட்டும் பயம் இல்லையா? இரண்டு பேரும் பயந்துகொண்டு பேசிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நான் கறுப்பு என்றுதான் பிடிக்கவில்லை என நினைத்து, மாதச் சம்பளத்தில் என்னென்ன கிரீம் வாங்கிப் பூசினேன் என்று சொன்னால் இப்போது சிரிப்பீர்கள். அப்போது நான் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். மே மாதம் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. அப்பா அழுதார்கள், போட்டேன். வழக்கு பதிவாகிவிட்டது. நோட்டீஸ் உங்கள் கைக்கு வரும்.

வாபஸ் வாங்கட்டுமா? எனக்குக் குழந்தைகூட இரண்டாம் பட்சம். வீட்டுக்குள் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். "வா" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்,
கிருபா


ராஜபாளையம்
15.12.91

அன்புள்ள கிருபாவுக்கு,

ஐந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். செப்டம்பரில் ஒருமுறை தவறிவிட்டேன். மில்லில் கூட வேலை பார்க்கிறவன் ஒருவன் எங்கோ வாங்கி வைத்திருந்தான். மறுபடி மதுரைக்குப் போய்ப் பத்து நாள் கிடந்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை.

ஒரு சேதி. இப்போது ஒரு நாள் விட்டால் முகம் சொரசொரக்கிறது. தினமும் சவரம் செய்கிறேன். பிளேடு நாலு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், ஏறிக்கொண்டு வருகிறது என்றார். போன வாரம் விடிகாலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் உடம்பு தன்னால் விழித்துக்கொண்டது. நான் என்ன சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். பக்கத்தில் கையைத் தடவிப் பார்த்தேன், பாய்தான் இருந்தது.

ஆனால் "வா" என்று எழுதக் கை வரவில்லை. நோட்டீஸ் வந்துவிட்டது, மார்ச்சில் வாய்தா. நான் சரியாகிவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னால் வழக்கு நிற்காது. நீ வந்துவிடுவாய். பிறகு ஒருநாள் நான் மறுபடி விழுந்தால் உனக்கு வெளியே போக வேறு கதவே கிடையாது. நம் சட்டம் அப்படி. உடம்பு திரும்புகிறதற்கு டாக்டர் உத்தரவாதம் தருகிறார். என் புத்திக்கு யார் தருவார்கள்?

ஈஸ்டர் வரைக்கும் பொறு.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.2.92

அன்புள்ள அத்தானுக்கு,

ஈஸ்டருக்கு முன்னால் வாய்தா வருகிறது. உங்களுக்குக் காலண்டர் பார்க்கவும் தெரியாதா?

விழுந்தால் என்ன செய்வேன் என்று என்னைக் கேட்காமலே எனக்காகப் பயப்படுகிறீர்கள். விழுந்தால் மதுரைக்கு பஸ் இருக்கிறது. போன தடவை தனியாகப் போனீர்கள், அடுத்த தடவை பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன். நீங்கள் தினமும் சவரம் செய்கிறீர்கள் என்று படித்துவிட்டு அன்றைக்கு முழுவதும் போர்டில் என்னையறியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தையிடமும் சொல்லுங்கள், மருமகள் வருகிறாள், வாயைக் கொஞ்சம் அடக்கி வைக்கச் சொல்லி.

வருகிற 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு மணிக்கு டூட்டி முடிகிறது. எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே உள்ள காபிக்கடையில் வந்து நில்லுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து போய் அப்பாவிடம் சொல்வோம். திங்கட்கிழமை வக்கீலிடம் போய் வாபஸ் வாங்குவோம். புதுச் சேலை கட்டிக்கொள்வேன், அடையாளம் தெரியாமல் போய்விடாதீர்கள்.

மூன்று மணி வரை நிற்பேன். வரவில்லை என்றால் அதுவே உங்கள் பதில் என்று எடுத்துக்கொள்வேன். இதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியாது.

உங்கள்,
கிருபா


ராஜபாளையம்
22.3.92

அன்புள்ள கிருபாவுக்கு,

கோர்ட்டில் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. வாபஸ் வாங்காமல் நீ வழக்கை நடத்தியது சரி. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வந்தேன். காலையில் எழுந்து குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பஸ் ஏறும் நேரம் நெருங்க நெருங்கப் பயம் வந்துவிட்டது. மாமா என்ன சொல்வார், உன் பக்கத்தில் மறுபடி படுத்து மறுபடி முடியாமல் போனால் என்ன செய்வது என்று அதே நினைப்பு. ஒன்றே ஒன்று, தைரியத்துக்கு என்று போட்டுக்கொண்டேன். செப்டம்பரில் மருந்து தந்த அந்த மில்காரப் பயலின் வீடு பஸ் ஸ்டாண்டு பக்கம்தான்.

பஸ்ஸில் மனசு அமைதியாகிவிட்டது. எதிலும் கவலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நடந்து எக்ஸ்சேஞ்சுத் தெரு முனைக்கு வந்தேன். நீ காபிக்கடை வாசலில் பச்சைச் சேலையில் நின்றாய். உன்னைப் பார்த்தேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோஷம்கூட வரவில்லை. அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அதே காரியத்தை அதே பயத்துக்காக மறுபடி செய்திருக்கிறேன். நீ தெருவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஊசியை விட முடியவில்லை. கோர்ட்டில் சொல்லி என்னைச் சோதித்த டாக்டர் எழுதிக் கொடுத்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஊசியைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன், அவரும் கையைப் பார்க்கவில்லை. சொல்லியிருந்தால், குணமாகக் கூடியது என்று எழுதியிருப்பார், உனக்கு விடுதலை கிடைத்திருக்காது. நீதிபதி கேட்டபோது அந்த வார்த்தையை ஒத்துக்கொண்டேன். நீ நினைத்த அளவுக்கு அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை.

வாத்தியார் நல்ல மனிதர் என்று விசாரித்தேன்.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.5.94

அன்புள்ள அத்தானுக்கு,

தெரு முனையில் நின்றது நீங்கள்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கள் நொண்டல் நடை எனக்குத் தெரியாதா? என்னைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்புகிறீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் கோர்ட்டுக்கு வந்தேன். உங்கள் கடிதம் பிறகு வந்தது.

வந்த பிறகும் நான் பதில் போடவில்லை. ஊசியை விட்டுவிட்டேன், இனி வா என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். மெட்ராஸ் ஐகோர்ட்டில் தீர்ப்பு உறுதியாக இரண்டு வருடம் ஆனது. இரண்டு வருடமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு டீ குடிக்க எழுந்து போவேன். உங்களுக்கு நான் எழுதியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் நானே ஏன் எழுத வேண்டும் என்று வீம்பு.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. கான்சாபுரம் வாத்தியாருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த மாதம் 8, 15, 22 மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கிறார்கள். கல்யாணமே நடக்கவில்லை என்று தீர்ப்பு ஆனதால் கிருபாபாய் என்ற என் முழுப்பேருக்கு முன்னால் கன்னிகை என்று போட வேண்டுமாம். ஊர் சிரிக்கும். நமக்கு மட்டும் அது உண்மை என்று தெரியும்.

ஓலை வாசித்து முடித்ததும் போதகர், தடை சொல்ல யாராவது இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று கேட்பார். எதற்கு இதை எழுதுகிறேன் என்று நான் விளக்கப் போவதில்லை. நீங்கள் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறீர்களா இல்லையா என்றும் கேட்கவில்லை. எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வரலாம். தைரியத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, திரும்பிப் போகாமல் வந்தால் போதும். நான் பெண்கள் பக்கம், கதவை ஒட்டின பெஞ்சில் இருப்பேன்.

கிருபா


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.5.94

இனி அத்தான் என்று எழுதக் கூடாது. வேறு எப்படி அழைப்பது என்று தெரியாததால் மேலே ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. கதவுப் பக்கம் திரும்பக் கூடாது என்று இருந்தேன், திரும்பினேன். செருப்புகள்தான் கிடந்தன. அப்புறம் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை கல்யாணம். வாத்தியாருடைய மகளுக்கு ஏழு வயது. என்னிடம் வந்து, டெலிபோனில் யாரோடெல்லாம் பேசுவீர்கள் என்று கேட்டாள். நான் பேசுவதில்லை, மற்றவர்களைச் சேர்த்து வைப்பேன் என்றேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பதில் போட வேண்டாம். தினமும் சவரம் செய்யுங்கள். செய்ய வேண்டியதாக இருக்கட்டும்.

கிருபாபாய்